கண்ணாடியில் விட்டுப்போன தாள்

அத்தியாயம் பதினொன்று

பாப்பாவுக்கு வயது நாற்பத்து மூன்று. ஆனாலும் பாப்பாதான். ஆறு வயது அண்ணன் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து வைத்த பெயர் அது. தெரு முழுக்கப் பரவி, கடைசியில் கடைப் பலகையிலும் ஏறிவிட்டது. நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே நின்று 'பாப்பா ஜெராக்ஸ்' எங்கே என்று கேட்டால் யாரும் சிரிக்காமல் கை காட்டுவார்கள்.

அந்தப் பெயரை வைத்த அண்ணனோடுதான் அவள் மூன்று வாரமாகப் பேசவில்லை. ஏன் என்பது இந்தக் கதையைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

ஊரில் வார்டு தேர்தல். பழைய சந்தைக் கட்டடத்தை முதியோர் இல்லமாக்கலாமா, கூடாதா என்பதுதான் எங்கே பார்த்தாலும் பேச்சு. ஆக்கியே தீருவோம் என்பது கதவுச் சின்னக்காரர்கள். பெற்றவர்கள் பிள்ளைகளோடு ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்பது கூரைச் சின்னக்காரர்கள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்; கூரைச் சின்னத்தில் வேட்பாளராக நிற்கிறார். பாப்பா கதவுக் கட்சியின் மகளிர் குழுவில் முக்கியமான ஆள். இருவருக்கும் பொதுவான அப்பா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அண்ணன் வீட்டில் இருக்கிறார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன், "பெத்தவங்களைத் தள்ளிவிடறதுக்குக் கதவு தேடுற கட்சி" என்றார். பாப்பா, "பொம்பளைய உள்ள வச்சுப் பூட்டுறதுக்குத்தானே உங்க கூரை" என்றாள். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தவள், அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

இன்று புதன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டு.

கடையை ஏழு மணிக்குத் திறப்பது பாப்பாவின் வீட்டுக்காரர். பாப்பா வீட்டு வேலையை முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு வருவாள். வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். ஜெராக்ஸ் மெஷின் மாதிரி, நாம் ஏதாவது வைத்தால்தான் அவரிடமிருந்து ஏதாவது வரும்.

அன்றைக்கு என்னவோ அவரே முதலில் வாயைத் திறந்தார்.

"உங்க அண்ணன் வந்துட்டுப் போனாரு. நோட்டீஸ் முந்நூறு காப்பி."

"எடுத்துக் கொடுத்தீங்களா?"

"தொழில் வேற, கட்சி வேறன்னு நீதானே சொல்லுவே."

"என்ன பேசினாரு?"

"ஒண்ணும் பேசல." அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். "நான் பேப்பர் கட்டு எடுத்துட்டு வந்துடறேன். மத்தியானம் ஆயிடும்."

டீ கிளாஸில் பாதி டீ அப்படியே இருந்தது. இருபது வருஷத்தில் அவர் பாதி டீயை வைத்துவிட்டுப் போய் பாப்பா பார்த்ததில்லை. அண்ணன்தான் மனம் நோகும்படி ஏதாவது சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. இப்போதெல்லாம் எது நடந்தாலும் அவளுக்கு அண்ணன் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

கண்ணாடியைத் துடைக்க மெஷின் மூடியைத் தூக்கினாள். ஒரு தாள் கிடந்தது.

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு இது தினசரிக் கூத்து. காப்பியைப் பத்திரமாக வாங்கிப் பையில் வைப்பார்கள், ஒரிஜினலை மெஷினில் விட்டுவிட்டுப் போவார்கள். அடையாள அட்டை, பத்திரம், பரீட்சை மார்க் பட்டியல் எல்லாம் வந்திருக்கிறது. ஒருமுறை ஒரு விவாகரத்து மனுவே கிடந்தது. அதைத் தேடிக் கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள். பாப்பாவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பெயரை மட்டும் பார்ப்பாள், மற்றதைப் படிக்க மாட்டாள். டிராயரில் போட்டு வைத்துவிடுவாள்.

பெயரைப் பார்த்தாள். அப்பாவின் பெயர்.

கட்டுப்பாடு காற்றில் பறந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் முதியோர் இல்லத்தின் சேர்க்கை விண்ணப்பம். பக்கம் ஒன்று, மொத்தம் மூன்று என்று மூலையில் அச்சடித்திருந்தது. வயது எழுபத்து நான்கு. முந்தைய தொழில், பஸ் கண்டக்டர். முகவரி, அண்ணன் வீடு. சேரும் காரணம் என்ற இடத்தில் யாரோ முன்பின் தெரியாத கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'வீட்டில் கவனிக்க ஆள் இல்லை.'

பாப்பாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

காலையில் வந்தது யார்? அண்ணன். அப்பா இருப்பது யார் வீட்டில்? அண்ணன் வீட்டில். மேடை மேடையாக ஏறி, பெற்றவர்களை இல்லத்தில் விடுகிறவன் மனிதனே இல்லை என்று மைக் கிழியக் கத்துவது யார்? இதற்கு மேல் சாட்சி எதற்கு என்று நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்தார். கதவுக் கட்சியின் வார்டு செயலாளர். கையில் வாக்காளர் பட்டியல், கண்ணில் எப்போதும் இருக்கும் அவசரம்.

"என்னம்மா, முகம் செத்துக் கிடக்கு?"

பாப்பா தாளை மறைத்தாள். மறைத்த விதமே டீச்சருக்குப் போதுமானதாக இருந்தது. முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் நின்ற கண்கள் அவை.

படித்துவிட்டு டீச்சர் மெதுவாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. இன்னைக்குச் சாயங்காலம் முக்குல உங்க அண்ணன் கூட்டம் இருக்கு."

"எங்க அப்பா பேரு இருக்கே, டீச்சர்."

"பேரை மறைச்சுக்கலாம். பொய்யா சொல்லப் போறோம்? பாப்பா, பன்னெண்டு வருஷம் மாமியாரைப் படுக்கையில வச்சுப் பார்த்தவ நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் லீவு கிடைச்சிருந்தா என் தம்பி கல்யாணத்துக்குப் போயிருப்பேன். இவரு மாதிரி ஆளுங்க கூரை கூரைன்னு பேசும்போது என் வயிறு எரியுது."

"முதல்ல நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"கேளு. ஆனா அண்ணன் பாசத்துல ஏமாந்துடாத."

அனுப்பினால் அண்ணன் தோற்பார். அத்தோடு அண்ணன் என்று கூப்பிட ஒருத்தர் இருக்க மாட்டார். இது இரண்டும் பாப்பாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான், தாளைப் படம் பிடித்துக்கொண்டாலும் டீச்சருக்கு அனுப்பாமல், கடையைப் பாதி சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

அண்ணன் வேலை பார்த்துக்கொண்டிருந்தது ஏழு மாடி அலுவலகக் கட்டடம். லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. மூச்சு வாங்க ஏழு மாடியும் ஏறி, அதற்கும் மேலே மோட்டார் அறைக்குப் போனாள். அண்ணன் கிரீஸ் கையோடு, பெரிய சக்கரத்தில் ஓடும் இரும்புக் கயிற்றை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழி தெரிஞ்சுதா?" என்றார் திரும்பாமல்.

"இது என்ன?"

போனில் இருந்த படத்தை நீட்டினாள். அண்ணன் பார்த்தார். அதிர்ச்சியடையவில்லை, யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை. எதிர்பார்த்த கடிதம் வந்துசேர்ந்த மாதிரி பார்த்தார்.

"அந்தப் போனை வெளியில வச்சுட்டு வா" என்றார்.

"எதுக்கு?"

"பேசறதை ரெக்கார்டு பண்ணச் சொல்லி உங்க டீச்சர் அனுப்பிச்சாங்களோ என்னவோ."

"ச்சீ!" பாப்பாவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, கோபத்தை எடுத்துக்கொண்டாள். "என்னை அப்படியா நினைக்கிற?"

"நீ என்னை எப்படி நினைச்சுட்டு ஏழு மாடி ஏறி வந்தே?"

போனைப் பைக்குள் போட்டாள்.

"நான் போடல. அதுக்கு மேல என்னைக் கேக்காத" என்றார் அண்ணன்.

"அப்போ யாரு போட்டா?"

"கேக்காதேன்னேன்ல?"

"உனக்கு வீட்டுல எல்லாம் மறைக்கணும். வெளிய பார்க்கறதுக்கு அழகா இருக்கணும், உள்ள யார் செத்தா என்ன! அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்களே நாலு வருஷம், அந்த நாலு வருஷமும் எனக்குப் பள்ளிக்கூடம் இல்ல. ஒம்பதாங் கிளாஸோட போச்சு. கூட இருந்தது நானு. துணி மாத்தினது நானு. நீ ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக் கொட்டியிருப்பியா? நீ குடும்பத்தைப் பத்திப் பேசற!"

அண்ணன் டார்ச்சை அணைத்தார். துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"உனக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

"அதுக்கென்ன?"

"அம்மாவ வேற இடத்துல வைக்கச் சொன்னாரு டாக்டரு. அத்தை வீட்டுல வச்சிருக்கோம்னு உன்கிட்ட சொன்னோம். அத்தை வீடு இல்ல பாப்பா. ஒரு இல்லம். பதினோரு நாள். எனக்கு அப்போ ரெண்டு ஷிஃப்டு. முடிச்சுட்டு ஓடிப்போனா, பார்க்கிற நேரம் முடிஞ்சுதுன்னு கேட்டை மூடிடுவாங்க. ஜன்னல் எதுன்னுகூடத் தெரியாது எனக்கு. பன்னெண்டாம் நாள் சண்டை போட்டுத் தூக்கிட்டு வந்தேன். முதுகெல்லாம் புண்ணு. எப்படி வந்துச்சுன்னு நீ கேட்டே. அத்தை சரியாப் பார்க்கலன்னு சொல்லிட்டேன். பாவம் அத்தை, சாகிற வரைக்கும் உன்கிட்ட வசவு வாங்கினாங்க."

மோட்டார் அறையில் கிரீஸ் வாடை. பாப்பாவுக்கு அம்மாவின் முதுகு நினைவுக்கு வந்தது. மருந்து வைக்கும்போது அம்மா சத்தம் போட மாட்டார், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். அந்தப் புண் ஆற ஐந்து மாதம் ஆனது. ஐந்து மாதமும் மருந்து வைத்தது பாப்பா. அந்த வீட்டில் அவள் வெளியே போக வழியில்லாமல் இருந்தாள், அண்ணன் உள்ளே வர நேரமில்லாமல் இருந்தார். இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

ஒரு நிமிஷம் அவள் மனம் இளகியது. அண்ணா என்று கூப்பிட வாய் வந்தது. அப்போதுதான் பாழாய்ப்போன சந்தேகம் உள்ளே நுழைந்தது.

"இருபத்தெட்டு வருஷம் சொல்லாததை இன்னைக்கு எதுக்குச் சொல்ற? சாயங்காலம் மேடையில பேசறதுக்கு என்கிட்ட ஒத்திகை பார்க்கிறியா?"

சொன்ன பிறகு அவளுக்கே அது அதிகம் என்று தெரிந்தது. அண்ணன் முகம் சாம்பலாகிவிட்டது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கம் திரும்பினார்.

"கிளம்பு பாப்பா. வேலை இருக்கு."

ஏழாவது மாடியில் இறங்க ஆரம்பித்தபோது அனுப்பக்கூடாது என்று நினைத்தாள். ஆறாவதில், தப்பு செய்யாதவர் ஏன் யார் என்று சொல்லவில்லை என்று நினைத்தாள். ஐந்தாவதில், போனை வெளியே வை என்றது நினைவுக்கு வந்தது. நான்காவது மாடியில் நின்று, படத்தை டீச்சருக்கு அனுப்பிவிட்டாள்.

கடைக்குத் திரும்பி வேலையில் விழுந்தாள். வேலை இருந்தால் யோசிக்க வேண்டாம். மூன்று மணிக்கு ஒருவர் வாடகை ஒப்பந்தத்தோடு வந்தார். மூன்று பக்கம். பாப்பா மூன்றாம் பக்கத்தை வைத்து எடுத்தாள், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. காப்பியை அடுக்கிக் கொடுத்தாள். அவர் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அக்கா, ஒரிஜினல்ல ஒரு தாள் குறையுதே!"

மூடியைத் தூக்கினாள். கண்ணாடியில் கிடந்தது முதல் பக்கம்.

அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பாப்பா மூடியைப் பிடித்தபடியே நின்றாள்.

அவள் கடை மெஷினில் காப்பி முகம் மேலே பார்த்து விழும். முதல் பக்கத்திலிருந்து எடுத்தால் அடுக்கு தலைகீழாக வரும், மறுபடி மாற்றி அடுக்க வேண்டும். அதனால் கடைக்காரர்கள் கடைசிப் பக்கத்தை முதலில் வைப்பார்கள். அவசரத்துக்குத் தாங்களே மெஷினில் வைத்து எடுத்துக்கொள்ளும் வெளியாட்களுக்கு அது தெரியாது. அவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் வைப்பார்கள். அவர்கள் மறந்துவிட்டுப் போவது எப்போதும் கடைசிப் பக்கமாகத்தான் இருக்கும். அப்பாவின் விண்ணப்பத்தில் கண்ணாடியில் கிடந்தது முதல் பக்கம்.

இந்த மெஷினில் அப்படி வைக்கிறவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருத்தி அவள்.

அண்ணன் கொடுத்து வீட்டுக்காரர் எடுத்திருக்கலாமே என்று ஒரு கணம் ஆசையாக நினைத்தாள். எடுத்திருந்தால், காலையில் ஏன் சொல்லவில்லை? பாதி டீ ஏன் மிச்சம்?

நான்கு மணிக்கு வீட்டுக்காரர் பேப்பர் கட்டுகளோடு வந்து இறங்கினார். பாப்பா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"ஏங்க, மூணாம் பக்கம் எங்க?"

அவர் என்ன மூன்றாம் பக்கம் என்று கேட்கவில்லை. கட்டின்மேல் உட்கார்ந்தார். பைக்குள் கையை விட்டு மடித்த தாள்களை எடுத்துக் கொடுத்தார். குடும்பத்தாரின் சம்மதம் என்ற இடத்தில், இருபது வருஷமாக அவள் பார்த்துப் பழகிய கையெழுத்து.

"நீங்களா?" என்றாள்.

"மாமா கேட்டாரு."

"எங்கப்பா கேட்டா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் யாரு உங்களுக்கு?"

"கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. 'மாப்பிள்ளை, ரெண்டு பேர்ல யார்கிட்ட சொன்னாலும் ரெண்டு மீட்டிங் போடுவாங்க'ன்னாரு."

வேறு நாளாக இருந்தால் பாப்பா சிரித்திருப்பாள்.

"கவனிக்க ஆள் இல்லைன்னு எழுதியிருக்கே?"

"அது அங்க ஆஃபீஸ்ல உட்கார்ந்திருக்கிற ஆளு எழுதினது. எல்லாருக்கும் அதையேதான் எழுதுறாங்க."

"அப்போ ஏன் போறாராம்?"

"அதை நீ அவர் வாயால கேளு. என்கிட்ட கேக்காத."

இன்று இரண்டு ஆண்கள் அவளிடம் கேட்காதே என்று சொல்லிவிட்டார்கள். பாப்பாவுக்கு அடுத்த கேள்வியைக் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"காலையில நான் எடுத்துட்டு இருக்கும்போதுதான் வந்தாரு. இந்தக் கையெழுத்துப் பக்கம் மேலே கிடந்துச்சு, பார்த்துட்டாரு. நான் வெலவெலத்துப் போயிட்டேன். 'பாப்பாவுக்குத் தெரியுமா'ன்னாரு. தெரியாதுன்னேன். 'சொல்லாதீங்க மாப்பிள்ளை, உங்களுக்குள்ள வம்பு வரும். அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்'னாரு. அவர் நோட்டீஸை வாங்கிட்டுப் போனப்புறம்தான் மிச்சமிருந்த ஒண்ணாம் பக்கத்தை எடுத்தேன், அந்தப் பதட்டத்துல அதை மெஷின்லயே மறந்துட்டேன்."

மோட்டார் அறையில் அண்ணன் யாரைக் காப்பாற்றினார் என்று இப்போது புரிந்தது. பாப்பா டீச்சருக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீங்க."

"மத்தியானமே வார்டு முழுக்கப் போயிடுச்சேம்மா! ஏன், உங்க அண்ணன் மிரட்டுறாரா?"

"இல்ல டீச்சர். அவர் போடல அதை."

"பாப்பா, பக்கத்துல யாராவது இருக்காங்களா? இருந்தா ஆமான்னு மட்டும் சொல்லு."

பாப்பா போனை வைத்தாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

முக்கில் கூட்டம் சேர்ந்திருந்தது. லாரியின் பின்புறம்தான் மேடை. பாப்பாவின் தோள் பையில் கதவுச் சின்னம் குத்தியிருந்தது. அவசரத்தில் அவள் அதைக் கழற்றவில்லை. கூரைக்காரர்கள் அவளுக்கு வழி விட்டார்கள். மரியாதையால் இல்லை, ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

அண்ணன் மைக் முன்னால் நின்றார். பேச ஆரம்பிப்பதற்குள் கூட்டத்தில் ஒருவர் போனை உயர்த்திக் காட்டினார்.

"இது உங்க வீட்டு விலாசமா இல்லையா? யாருய்யா போட்டது இந்த விண்ணப்பத்தை? பதில் சொல்லுங்க!"

கூட்டம் சலசலத்தது. அண்ணன் கண் கூட்டத்தின்மேல் ஓடி, பாப்பாவின்மேல் நின்றது. அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ.

"ஆமா. நான்தான் போட்டேன்" என்றார்.

மேடைக்குப் பக்கத்தில் நின்ற சொந்தக் கட்சிக்காரர் ஒருவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பின்னால் யாரோ விசிலடித்தார்கள். பாப்பாவின் மண்டைக்குள், இப்போதும்கூட, ஒரு கேள்வி வந்தது: இதுவும் அனுதாப ஓட்டுக்கோ? வந்த வேகத்தில் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பொய்!" என்று கத்தினாள். "எங்க அண்ணன் சொல்றது பொய்!"

அவ்வளவுதான். "பார்த்தீங்களா, கதவுக்காரி கலாட்டா பண்ண வந்துட்டா!" என்று கூரைக்காரர்கள் அவளைத் தள்ளினார்கள். "விடாத பாப்பா, கேளு!" என்று எங்கிருந்தோ டீச்சர் குரல் கொடுத்தார். அவள் காப்பாற்ற வந்தாள் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. அண்ணன் மேலேயிருந்து, "அவ மேல யாரும் கை வைக்காதீங்க!" என்று சத்தம் போட்டார். அந்த இடைவெளியில் பாப்பா லாரியைப் பிடித்து மேலே ஏறிவிட்டாள்.

"அந்த விண்ணப்பத்துல சம்மதம்னு போட்டிருக்கிற கையெழுத்து எங்க அண்ணனோடது இல்ல. என் வீட்டுக்காரரோடது. எங்கப்பா கேட்டு அவர் போட்டது. படத்தை அனுப்பினது நானு. தப்பு என் மேல."

மைக் எல்லாவற்றையும் நாலு தெருவுக்குச் சொன்னது. கூட்டத்தின் ஓரத்தில், அவள் பின்னாலேயே வந்து நின்ற வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக நகர்ந்து போனார்.

அண்ணன் நன்றியாகப் பார்ப்பார் என்று பாப்பா நினைத்திருந்தாள். அவர் கண்ணில் இருந்தது ஆத்திரம்.

"என்ன காரியம் பண்ணிட்டே பாப்பா?" மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "நான் ஒருத்தன் கெட்டுப்போனா முடிஞ்சுதுன்னு பார்த்தேன். உன் வீட்டையும் தெருவுல இழுத்துப் போட்டுட்டியே. நாளைக்கு அவர் எப்படிக் கடையில உட்காருவாரு?"

"அப்போ நீ பொய் சொல்லி அசிங்கப்படறதை நான் வேடிக்கை பார்க்கணுமா?"

"வீட்டுக்காக ஒரு பொய் சொன்னா குடியா முழுகிடும்?"

"பொய்யிலதான் இந்த வீடு இருபத்தெட்டு வருஷமா நிக்குது!"

அண்ணன் கட்சியைப் பேசவில்லை, பாப்பாவும் கட்சியைப் பேசவில்லை. ஆனாலும் அதே சண்டைதான் நடந்துகொண்டிருந்தது.

அப்போது அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அண்ணனின் மனைவி, இத்தனை வாரத்தில் இரண்டு கட்சிக்காகவும் ஒரு வார்த்தை பேசாதவர். அப்பாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். கையில் போன்.

"அப்பா லைன்ல இருக்காரு" என்றார். "வீட்டுக்கு எல்லாம் கேட்டுடுச்சு."

அண்ணனும் கையை நீட்டினார், பாப்பாவும் கையை நீட்டினாள். அண்ணி போனைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேச மாட்டாராம். மைக்ல வைக்கச் சொல்றாரு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்பா யாரைக் குற்றம் சொல்லப் போகிறார் என்ற பயம் இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி இருந்தது. அண்ணி லாரியில் ஏறி, யார் அனுமதியும் கேட்காமல் போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்தார்.

"ஹலோ... கேக்குதா? முன்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் தள்ளி உள்ள போங்க, பின்னாடி இருக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

கூட்டம் சிரித்தது. பழக்கதோஷத்தில் நான்கு பேர் நகர்ந்தும் நின்றார்கள்.

"விண்ணப்பம் நான் போட்டது. மாப்பிள்ளை நான் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாரு, அவரை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. என் பையன் நல்லவன். என் பொண்ணும் நல்லவ. மூணு மாசமா ரெண்டு பேரும் என்னைப் பத்தித்தான் ஊரெல்லாம் பேசிட்டிருக்காங்க. இதுல ஒருத்தராவது, அப்பா, உங்களுக்கு எங்க இருக்கணும்னு தோணுதுன்னு என்கிட்ட வந்து கேக்கல."

யாரும் சிரிக்கவில்லை. பாப்பா மூன்று மாதத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். அண்ணனிடம் கேட்டிருக்கிறாள், டீச்சரிடம் கேட்டிருக்கிறாள், வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறாள். அப்பாவிடம் கேட்கவே இல்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு வயதானவர் குரல் கொடுத்தார். கூரையா கதவா, எந்தக் கட்சி என்று தெரியவில்லை.

"நாங்க கேக்கறோம்யா. உங்களுக்கு எங்க இருக்கணும்?"

போனில் அப்பா தொண்டையைச் செருமும் சத்தம் நாலு தெருவுக்கும் கேட்டது.

"சொல்றேன். ஆனா முதல்ல அவங்க ரெண்டு பேரையும் மேடையை விட்டு இறங்கச் சொல்லுங்க."

அண்ணனும் தங்கையும் இறங்கினார்கள்.